காய்ச்சல் போன பிறகும் மனம் தேறவில்லையா? மரத்தடிக்குப் போகும் முறை

டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா எது வந்து போனாலும் பலருக்கு அது லேசில் விடுவதில்லை. காய்ச்சல் இறங்கிவிடும், தட்டணுக்கள் ஏறிவிடும், ரத்தப் பரிசோதனையும் சரியாகவே வரும். ஆனால் காலையில் எழுந்தால் எதிலும் பிடிப்பு இருக்காது. சின்ன விஷயத்துக்கு அழுகை வரும், இல்லையென்றால் எரிச்சல். படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் "டெஸ்ட் எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். பதில் சொல்லவும் தெம்பு இருக்காது.

இந்த நிலையில் இருப்பவர்கள் மரங்களுக்கு நடுவே போய் வருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வனக் குளியல், வன சிகிச்சை என்றெல்லாம் இதற்குப் பெயர்கள் உண்டு. ஜப்பான் வனத்துறை 1982இல் 'ஷின்ரின் யோக்கு' என்ற பெயரில் இதை மக்களிடம் கொண்டுபோனது. நகானோ பகுதியில் முதிர்ந்த ஹினோக்கி மரங்கள் நிற்கும் அகாசாவா காட்டில்தான் தொடக்கம். தென்கொரியாவில் இன்று அரசே இதற்கென்று தனிக் காடுகளை ஒதுக்கி, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளை அமர்த்தி நடத்துகிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? ஜப்பானில் 24 காடுகளில் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. கல்லூரி மாணவர்களைக் காட்டுக்கும் நகரத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். காட்டில் இருந்தபோது, மன அழுத்தம் கூடும்போது உடலில் ஏறும் கார்ட்டிசால் குறைந்தது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கின. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கு 2019இல் வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருப்பவர்களில், தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். இவற்றைப் பெரிதாக்கிச் சொல்லக் கூடாது. ஜப்பான் மாணவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். இங்கிலாந்துக் கணக்கைப் பொறுத்தவரை, உடம்பு நன்றாக இருப்பவர்களே வெளியே அதிகம் போகிறார்கள் என்றும் அதை வாசிக்கலாம். வைரஸ் விட்டுப்போன சோர்வை மரம் குணமாக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மனம் கொஞ்சம் இளகும், தூக்கம் கொஞ்சம் சீராகும். என் அனுபவத்தில் அதுவே பெரிய விஷயம்.

அந்த ஜப்பான் ஆய்வில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாணவர்கள் கால்மணி நேரம் போல நடந்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு நேரம் சும்மா உட்கார்ந்து மரங்களைப் பார்த்தார்கள். உட்கார்ந்திருந்தபோதும் பலன் தெரிந்தது. நோயிலிருந்து எழுந்தவருக்கு இதுதான் முக்கியம். காட்டுக்குப் போவது என்றாலே நடை, ஏற்றம், அருவி என்று நினைக்கிறோம். முதல் ஒரு மாதத்துக்கு அந்த நினைப்பை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் போவது உட்காரத்தான்.

முதலில், போகலாமா?

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் சட்டென்று விடும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும் ரத்தக்கசிவும் அப்போதுதான் தொடங்கக்கூடும். "காய்ச்சல் விட்டுடுச்சு, கொஞ்சம் காத்தாட வெளியே போயிட்டு வா" என்று அனுப்புவது அந்த நேரத்தில் கூடவே கூடாது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்று எது இருந்தாலும் போகவேண்டிய இடம் மருத்துவமனை.

எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், மாத்திரை போடாமலே உடல் சூடு சரியாக இருந்து குறைந்தது ஒரு வாரமாவது ஆகட்டும். அதற்குப் பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். காலையில் குளித்து, சாப்பிட்டு, துணி மாற்றுங்கள். முடித்ததும் படுக்கத் தோன்றினால் இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஜன்னலோரம் போதும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நெஞ்சுவலி, நாலு அடி நடந்தாலே மூச்சிரைப்பு, மயக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு சிலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நின்றதுமே இதயம் படபடவென்று அடிக்கும். படுத்திருக்கும்போது நாடியை எண்ணுங்கள், எழுந்து நின்று பத்து நிமிடத்துக்குள் மறுபடி எண்ணுங்கள். 30க்கு மேல் கூடினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'பயத்தில்தான் இப்படி' என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

எந்த இடம்?

உடனே எல்லோருக்கும் ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வரும். தேறி வருபவரை மலைக்கு அழைத்துப் போவது நம் குடும்பங்களின் அன்பான தவறு என்பேன். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. உடம்பு தளர்ந்திருக்கும்போது அந்தப் பயணமே குமட்டலில் முடியும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நுரையீரல் பாதிக்கப்பட்டவருக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். போதாததற்கு 'இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம், சந்தோஷமா இரு' என்ற நெருக்கடி வேறு.

வீட்டிலிருந்து ஆட்டோவில் கால்மணி, அரைமணி நேரத்தில் போகக்கூடிய இடமே உங்கள் காடு. மரங்கள் கொஞ்சம் அடர்ந்து, தலைக்கு மேல் கிளைகள் கூடியிருக்க வேண்டும். போக்குவரத்து இரைச்சல் முழுக்க இல்லாவிட்டாலும் பின்னால் தள்ளிப்போயிருக்க வேண்டும். வாசலிலிருந்து உட்காரும் இடம் நூறடிக்குள் இருந்தால் நல்லது. கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல அம்மாக்கள் வெளியே வர மறுக்கிறார்கள். சிக்குன்குனியா வந்து மூட்டு வலிப்பவர்களால் குத்தவைத்து உட்கார்ந்து எழ முடியாது, மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.

சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவின் உட்பகுதிக்குள் நினைத்தபடி போக முடியாது. ஒட்டியிருக்கும் சிறுவர் பூங்காவில் வார நாள் காலையில் நல்ல நிழலும் அமைதியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்துப் பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, ஆனால் விழுதுகளே தூண்களாகி ஒரு மண்டபம் போல நிற்கின்றன. அங்கேயும் தொல்காப்பியப் பூங்காவிலும் பார்வை நேரம், அனுமதி முறை எல்லாம் அவ்வப்போது மாறும், கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா, திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலணைக்கரையில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, நெல்லைப் பக்கம் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். அங்கே மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் போனால் மேலே ஒரு ஊரே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்தவை கோயில்காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி, இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் இருக்கிறது. மற்ற இடங்களில் வெட்டி முடித்துவிட்ட காடு, சாமி பயத்தால் இங்கே தப்பியது. உங்கள் ஊரிலும் ஐயனார் கோயில் தோப்போ, குளக்கரைப் புங்கமர வரிசையோ இருக்கும். போகும் முன் ஊர் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில காடுகளுக்குள் செருப்புப் போடக் கூடாது, சிலவற்றில் பெண்களை அனுமதிக்க மாட்டார்கள். திருவிழா, கிடாவெட்டு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், ஒலிபெருக்கிக்கு நடுவில் எந்தச் சிகிச்சையும் எடுபடாது. ஒன்றுமே இல்லையென்றால் ஒரே ஒரு பெரிய வேப்பமரம் போதும்.

நேரமும் பூச்சிகளும்

வெயிலைப் பார்த்தால் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். பங்குனி, சித்திரையில் எட்டு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பகலில், அதிலும் விடிந்து ஓரிரு மணி நேரம் வரையிலும் சாயங்காலம் பொழுது சாயும் முன்னும்தான் அதிகம். நமக்கு நல்ல நேரம் அதற்கும் நல்ல நேரம்.

'ஒருதரம் டெங்கு வந்தாச்சு, இனி வராது' என்று பலர் நம்புகிறார்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த எதிர்ப்பு கிடைக்கும். இரண்டாவது முறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடும். ஆகவே முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் பேண்ட் அல்லது சல்வார், சாக்ஸ், வெளியே தெரியும் தோலில் கொசுவிரட்டிக் களிம்பு. வெளிர் நிறத் துணி நல்லது. பூங்காவில் நீர் தேங்கிய தொட்டி, தேங்காய் ஓடு, பழைய டயர் கிடக்கும் மூலையில் உட்காராதீர்கள்.

இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிற ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் அதிகம் பார்க்கிறார்கள். அதனால் புல்லில் நேரடியாக உட்காருவதும் படுப்பதும் வேண்டாம். துணியைப் புல் மேல் கழற்றி வைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்கப் போட்டுவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், அல்லது அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு தெரிந்தால், மருத்துவரிடம் புதர்ப் பக்கம் போனதைக் கட்டாயம் சொல்லுங்கள். சரியான மருந்து உண்டு, சீக்கிரம் கேட்கும். 'பழைய காய்ச்சல் திரும்பிடுச்சு' என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

இதைப் படித்துப் பயந்து போகாமலே இருந்துவிடாதீர்கள். சாக்ஸும் களிம்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

கையில் என்ன?

மடக்கு நாற்காலி, முதுகு சாய்கிற மாதிரி. பூங்காவின் சிமென்ட் பெஞ்சு பத்து நிமிடத்தில் வலிக்கும். தண்ணீர், ஃபிளாஸ்கில் கஞ்சியோ சுக்குக் காபியோ, ஒரு சின்ன நோட்டு. கைபேசி இருக்கட்டும், அமைதியில் போட்டுப் பைக்குள் வையுங்கள். அணைக்க வேண்டாம், தலைசுற்றினால் கூப்பிட வேண்டுமே. சர்க்கரை நோய் உள்ளவர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கினால் உதவ, இனிப்பு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். குரங்கு இருக்கும் இடமென்றால் எந்த உணவையும் வெளியே எடுக்காதீர்கள்.

முதல் நாள்

மொத்தம் இருபது நிமிடம். அதற்கு மேல் தெம்பு இருந்தாலும் வேண்டாம்.

வாசலைத் தாண்டியதும் கொஞ்சம் நில்லுங்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் தோலில் தெரியும். புங்கை நிழல் ஒரு மாதிரி, வேம்பு நிழல் வேறு மாதிரி. அதை உணர்ந்த பிறகு மெதுவாக உட்காரும் இடத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குச் சீக்கிரமாகவே போய்விட்டவர் எப்படி நடப்பாரோ அப்படி, அவசரமே இல்லாமல்.

உட்கார்ந்ததும் மூச்சை இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீளமாக்குங்கள். பத்து மூச்சு போதும். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சிகள் இப்போது வேண்டாம், தேறாத நெஞ்சுக்கு அது வேலை.

அடுத்து காதுக்கு விடுங்கள். முதலில் கேட்பது ஹாரன் சத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அதற்குக் கீழே ஒவ்வொன்றாக வெளிவரும். உச்சியில் 'டுக் டுக் டுக்' என்று சுத்தியலால் தட்டுவது போல ஒன்று கேட்டால் அது குக்குறுவான். அடிவயிற்றிலிருந்து 'ஊப் ஊப்' என்பது செம்போத்து. தரையில் ஆறேழு பேர் கூட்டமாகச் சண்டை போட்டுக்கொண்டே இரை தேடினால் தவிட்டுக்குருவிகள். பெயர் தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை. எத்தனை விதமான சத்தம் என்று மட்டும் எண்ணுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வரும், வேலை என்ன ஆகும், இது எப்போது சரியாகும் என்று. 'அதை நினைக்காதே' என்றால் கேட்காது. எண்ணுவதற்கு ஏதாவது கொடுத்தால் கொஞ்ச நேரம் அதில் தங்கும்.

பிறகு கண். அகலமாகப் பார்க்க முயல வேண்டாம். ஒரு கிளை, ஓர் எறும்பு வரிசை, மண்ணில் விழுந்து அசையும் வெளிச்சப் புள்ளிகள், இதில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் அதோடு இருங்கள். சலிப்பு வரும், வரட்டும். சலிப்பு வந்த பிறகுதான் பலருக்குத் தோள் இறங்குகிறது. படம் எடுக்க வேண்டாம். எடுத்தால் ஸ்டேட்டஸ் வைக்கத் தோன்றும், வைத்தால் நலம் விசாரிப்புக்குப் பதில் போட வேண்டிவரும், அதுவே அன்றைய தெம்பைத் தின்றுவிடும்.

தொடுவதாக இருந்தால் அடிமரத்தைத் தொடுங்கள், முதலில் எறும்பும் கம்பளிப்பூச்சியும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு. கொண்டுவந்த தண்ணீரோ கஞ்சியோ கொஞ்சம் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் படுப்பதையும் இந்தத் திட்டத்தில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாசனை போனவர்களுக்கு

கொரோனாவில் மோப்பம் போய், இன்னும் முழுதாகத் திரும்பாதவர்கள் பலர். சாம்பார் வாசனை தெரியாத வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்பது மற்றவர்களுக்குப் புரிவதில்லை. அந்த இழப்பே மனச்சோர்வுக்குத் தனிக் காரணமாகிறது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கு வாசனைகளைத் தினமும் இரண்டு வேளை, மாதக் கணக்கில் முகர்ந்து மோப்பத்துக்குப் பயிற்சி கொடுக்கும் முறையை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மரத்தடியையும் இதற்குத் துணையாகப் பயன்படுத்தலாம். நொச்சி, துளசி, வேம்பு, எலுமிச்சை இலை. ஒரு நாளைக்கு ஓர் இலை, கசக்கி மூக்கருகே வைத்து, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைத்தபடி சில விநாடி. ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்த நாள் மறுபடி. மழை பெய்த மறுநாள் மண்வாசனை, மகிழம்பூ உதிரும் காலத்தில் அதன் வாசனை இரண்டையும் விட்டுவிடாதீர்கள். சிலருக்கு நல்ல வாசனையே அழுகல் போலத் தெரியும், நரம்பு திரும்ப வளரும் வழியில் அப்படி நடப்பதுண்டு.

தெரியாத இலையைக் கசக்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு, அரளியும் ஊமத்தையும் விஷம்.

மறுநாளைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். வைரஸுக்குப் பிந்தைய சோர்வில் ஒரு விசித்திரம் உண்டு. செய்யும்போது நன்றாகவே இருக்கும். 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் உடம்பு சரியும், உடல்வலி, தலைபாரம், கூடவே காரணமில்லாத அழுகை. அதனால் 'இன்னைக்கு நல்லா இருந்துச்சே' என்று மறுநாள் இரண்டு மடங்கு நடப்பவர்கள் வாரக்கணக்கில் படுத்துவிடுகிறார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் முன்பு சொல்லிவந்தார்கள். நீண்டகாலச் சோர்வு நோய்க்கான பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2021இல் அந்த முறையைக் கைவிட்டது. உள்ள தெம்புக்குள் நின்றுகொள்ளச் சொல்கிறது இப்போது.

நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் இருந்தேன், அன்று இரவு தூக்கம் எப்படி, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உடம்பும் மனமும் எப்படி. ஒவ்வொன்றும் ஒரு வரி போதும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விட்டு. தொடர்ந்து இரண்டு முறை பின்விளைவு இல்லையென்றால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். சரிவு வந்தால் பாதியாகக் குறையுங்கள். அந்த 120 நிமிடக் கணக்கை எட்ட ஒன்றிரண்டு மாதம் ஆனாலும் ஆகட்டும். உட்காரும் நேரம் 40 நிமிடத்தைத் தொட்ட பிறகுதான் நடையைச் சேர்க்க வேண்டும், அதுவும் சமதரையில்.

சிக்குன்குனியாக்காரர்களுக்கு ஒரு சலுகை. காலையில் மூட்டு இறுகிக் கிடந்தால் மாலை நாலரைக்குப் போகலாம், கொசுக் களிம்பை மறக்காமல்.

மனம் உடைந்தால், மனம் அசையாவிட்டால்

மரத்தடியில் திடீரென்று அழுகை வரலாம். ஆஸ்பத்திரி நாட்கள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், அப்போது அழ நேரமில்லாமல் போனது எல்லாம் அமைதியான இடம் கிடைத்ததும் வெளியே வரும். அழுது முடியுங்கள், தண்ணீர் குடியுங்கள், அன்றைக்கு அதோடு கிளம்புங்கள். சிலருக்கு நேர்மாறாக ஒன்றுமே தோன்றாது. நாலைந்து முறை போயும் 'சும்மா உட்கார்ந்துட்டு வந்தேன்' என்பார்கள். அப்போதும் நோட்டில் தூக்கம் என்ன ஆயிற்று என்று பாருங்கள், மாற்றம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எல்லா நாளும் மனம் இருண்டே இருந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் போனாலோ மரத்தடி மட்டும் போதாது. வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மனஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்த்துக்கொண்டே மரத்தடிக்கும் போகலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூட வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். பத்தடி தள்ளி, பார்வையில் படும்படி உட்காருங்கள். 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். மருத்துவமனை பில், லீவு, யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்ற பேச்சுகள் வீட்டோடு இருக்கட்டும். 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே' என்று அவர்கள் சொன்னாலும் நேரமானதும் எழுப்பிவிடுவது உங்கள் பொறுப்பு.

வாசல் தாண்ட முடியாதவர்கள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றின் பதிவுகளை வைத்து 1984இல் ஓர் ஆய்வு வந்தது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அதனால் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். எதிர்வீட்டு முருங்கையோ தெருவோர வாகையோ தெரிந்தாலும் சரி. அதுவும் தெரியாவிட்டால் ஒரு துளசித் தொட்டியைத் தலைமாட்டுப் பக்கம் வைத்து, தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கொசுவை நாமே வளர்த்த மாதிரி ஆகிவிடும்.

பெரிய காட்டுக்கு எப்போது?

சமதரையில் ஒரு மணி நேரம் மெதுவாக நடந்து, அடுத்த இரண்டு நாளும் சரிவு இல்லாமல் இருக்கிறது என்ற நிலை ஒரு மாதம் தொடர்ந்தால் யோசிக்கலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி தவறு. யானை நடமாடும் இடமென்றால் உயிருக்கும் ஆபத்து. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், வழிகாட்டியோடுதான் போக வேண்டும், தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் மூடிவிடுவார்கள். பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். எளிதுக்கு மேல் பார்க்க வேண்டாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, புறப்படும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வால்பாறை, மேகமலைப் பக்கம் மழைக்காலத்தில் அட்டை ஏறும், பேண்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் குறையும். காரில் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். போய்ச் சேர்ந்த அன்றும் மறுநாளும் எங்கேயும் கிளம்பாமல், தங்குமிடத்து முற்றத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.